டவுன்லோட் ஆன பைலை வைரஸ் கார்ட் எப்படிப் பார்க்கிறது?

சாதாரண தரப் பரீட்சை நெருங்கிவிட்டால் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்துக் கொமினிகேஷன் கடைகளில் பாதி வேலை பாஸ்ட் பேப்பர் பிரின்ட் எடுப்பதுதான். அந்தப் பேப்பர் வருகிற வழியைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். டெலிகிராம் குழுவில் யாரோ ஒருவர் ஜிப் பைலாகப் போடுகிறார். ஒரு பிள்ளை அதைப் போனில் இறக்கி, வட்ஸ்அப்பில் வகுப்புக்கே அனுப்புகிறது. இன்னொரு பிள்ளை கடைக்கு வந்து, கேபிளைச் சொருகிக் கடைக் கொம்பியூட்டருக்கு மாற்றுகிறது. அங்கிருந்து பென் டிரைவில் ஏறி, யாரோ ஒருவரின் வீட்டு லெப்டொப்புக்குப் போய்ச் சேருகிறது.

இதில் எந்த இடத்தில் அந்தப் பைல் பரிசோதிக்கப்பட்டது? "வைரஸ் கார்ட் போட்டிருக்கே" என்பதுதான் எல்லோரும் சொல்லும் பதில். வைரஸைப் பிடிக்கும் அன்டிவைரஸ் மென்பொருளைத்தான் அப்படிச் சொல்கிறோம். ஆனால் வைரஸ் கார்ட் பைலின் உள்ளடக்கத்தை மட்டும் பார்த்து முடிவு சொல்வதில்லை. அது எங்கிருந்து வந்தது, இதற்கு முன் வேறு யாராவது அதைப் பார்த்திருக்கிறார்களா என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுகிறது. நம் பக்கத்தில் பைல்கள் கைமாறும் விதத்தில் அந்த விபரங்கள் வழியிலேயே உதிர்ந்துவிடுகின்றன. விண்டோஸோடு வரும் டிஃபென்டரை உதாரணமாக வைத்து, ஒவ்வொரு படியிலும் என்ன நடக்கிறது என்று எழுதுகிறேன். மற்ற வைரஸ் கார்ட்களும் அடிப்படையில் இதே மாதிரிதான் வேலை செய்கின்றன.

பிரவுசர் ஒட்டும் சீட்டு

குரோமில் ஒரு பைலை இறக்கும்போது, முழுதாக இறங்கி முடியும் வரை அதன் பெயருக்குப் பின்னால் 'சிஆர்டவுன்லோட்' என்று ஒரு வால் ஒட்டியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். அந்த நேரத்திலேயே பிரவுசர் இரண்டு விடயங்களைப் பார்க்கிறது: அந்த இணைய முகவரி ஏற்கெனவே கெட்ட பட்டியலில் இருக்கிறதா, அந்த வகைப் பைல் ஆபத்தான வகையா என்று. இறங்கி முடிந்ததும் வைரஸ் கார்டைக் கூப்பிட்டு ஒரு பார்வை பார்க்கச் சொல்கிறது. 'வைரஸ் டிடெக்டட்' என்று சிவப்பில் வந்தால், பைல் உங்கள் கைக்கு வருவதற்கு முன்பே நிறுத்தப்பட்டுவிட்டது என்று பொருள்.

இதோடு பிரவுசர் செய்யும் இன்னொரு வேலை பலருக்குத் தெரியாது. பைலின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு சீட்டை ஒட்டி விடுகிறது. மார்க் ஒஃப் த வெப் என்று அதற்குப் பெயர். அது உண்மையில் பைலோடு சேர்ந்தே சேமிக்கப்படும் சில வரி எழுத்துதான்: ஒரு வரியில் வலய இலக்கம், அடுத்த வரிகளில் எந்தப் பக்கத்திலிருந்து, எந்த முகவரியிலிருந்து வந்தது என்ற விபரம். வலய இலக்கம் 0 என்றால் இதே கொம்பியூட்டர், 1 உள்வலையமைப்பு, 2 நம்பிய தளம், 3 இணையம், 4 தடைசெய்த தளம். இணையத்திலிருந்து இறக்கிய பைலில் 3 இருக்கும். பைலை ரைட் கிளிக் செய்து ப்ரொபர்டீஸைத் திறந்தால், சீட்டு இருக்கும் பைலில் கீழே 'அன்பிளொக்' என்று ஒரு சிறிய பெட்டி தெரியும். சீட்டு இல்லாத பைலில் அந்தப் பெட்டி வராது.

இந்தச் சீட்டை நம்பித்தான் பல பாதுகாப்புகள் இருக்கின்றன. நீலத் திரையில் 'விண்டோஸ் ப்ரொடெக்டட் யுவர் பிசி' என்று வந்து நிற்கும் ஸ்மார்ட்ஸ்கிரீன், சீட்டைப் பார்த்துத்தான் எழும்புகிறது. வேர்டும் எக்செலும் மஞ்சள் பட்டையோடு 'ப்ரொடெக்டட் வியூ'வில் திறப்பதற்கும் சீட்டுதான் காரணம். 2022 முதல் மைக்ரோசொஃப்ட் ஒஃபிஸ், இணையத்திலிருந்து வந்த பைல்களின் மெக்ரோக்களை, அதாவது ஆவணத்துக்குள்ளேயே ஓடும் சிறு கட்டளைத் தொடர்களை, இயல்பாகவே தடுக்கிறது. இணையத்திலிருந்து வந்தது என்பதை எப்படி அறிகிறது? அதே சீட்டால்தான். முன்பின் தெரியாத பைலை நிறுத்தி வைத்துக் கிளவுட்டிடம், அதாவது இணையத்தில் இருக்கும் மைக்ரோசொஃப்டின் கொம்பியூட்டர்களிடம், கேட்கும் டிஃபென்டரின் வசதியும் இணைய வலயத்திலிருந்து வந்த பைல்களுக்கே பொருந்தும்.

இனி நம் பாஸ்ட் பேப்பர் ஜிப் வந்த வழியைத் திரும்பப் பாருங்கள். இந்தச் சீட்டு விண்டோஸின் என்டிஎஃப்எஸ் என்ற வட்டு அமைப்பில் மட்டுமே தங்கும். போனில் இறக்கிய பைலுக்கு இப்படி ஒரு சீட்டே கிடையாது. பென் டிரைவ்கள் பெரும்பாலும் ஃபெட்32 அல்லது எக்ஸ்ஃபெட் அமைப்பில் இருப்பவை. அங்கே சீட்டு வைக்க இடமே இல்லை. கொப்பி ஆகும்போதே உதிர்ந்துவிடும். ஆகவே வீட்டு லெப்டொப்புக்கு வந்து சேரும்போது அந்தப் பைல் அங்கேயே பிறந்த பைல் மாதிரித்தான் தெரியும். ஸ்மார்ட்ஸ்கிரீன் எதுவும் கேட்காது, மஞ்சள் பட்டையும் வராது.

ஜிப்பைப் பிரிக்கும்போதும் இதே சிக்கல் உண்டு. விண்டோஸின் சொந்த 'எக்ஸ்ட்ரெக்ட் ஓல்' சீட்டை உள்ளே இருக்கும் பைல்களுக்கும் ஒட்டித் தருகிறது. 7-ஜிப் மென்பொருளில் இந்த வசதி 2022இல் வந்த 22.00 பதிப்பில்தான் சேர்ந்தது. அதுவும் இயல்பாக நிறுத்தியே வைக்கப்பட்டது. டூல்ஸ், ஒப்ஷன்ஸ், 7-ஜிப் என்ற பக்கத்துக்குப் போய் 'ப்ரொபகேட் ஸோன் ஐடி' என்பதை 'யெஸ்' ஆக்குங்கள். அரை நிமிட வேலைதான், கட்டாயம் செய்து வையுங்கள்.

பைலைத் தொட்டவுடன் நடப்பது

சீட்டு இல்லாவிட்டாலும் வைரஸ் கார்ட் சும்மா இருக்காது. விண்டோஸின் உட்பகுதியில், பைல்களுக்கும் மற்ற மென்பொருள்களுக்கும் நடுவில், வடிகட்டி போன்ற ஒரு டிரைவரை அது நிறுத்தி வைத்திருக்கிறது. எந்த மென்பொருள் ஒரு பைலைத் திறக்கக் கேட்டாலும் அந்தக் கோரிக்கை முதலில் இந்த வடிகட்டிக்குத்தான் போகும். அது பார்த்து முடிக்கும் வரை திறக்கக் கேட்ட மென்பொருள் காத்திருக்க வேண்டும். புதிதாக ஒரு பைலை எழுதி மூடும்போதும் அப்படித்தான். ஒருமுறை பார்த்த பைலை, அது மாறாத வரையில், குறித்து வைத்துக்கொள்ளும். புதிய வைரஸ் பட்டியல் வந்ததும் அந்தக் குறிப்பை அழித்துவிட்டு மறுபடி பார்க்கும். அப்டேட் முடிந்த கையோடு பழைய ஹார்ட் டிஸ்க் கொம்பியூட்டர்கள் கொஞ்ச நேரம் ஆமை வேகத்தில் ஓடுவது இதனாலும்தான். வேகம் குறைகிறது என்று கார்டை அணைத்து வைக்காதீர்கள்.

பார்ப்பது என்றால் முதலில் பைலின் பெயரையா பார்க்கிறது? இல்லை, முதல் சில பைட்டுகளை. விண்டோஸில் ஓடக்கூடிய இஎக்ஸ்இ வகை மென்பொருள்கள் 'எம்', 'இசட்' என்ற இரண்டு எழுத்துகளில்தான் தொடங்கும். பிடிஎஃப் என்றால் ஒரு சதவீதக் குறியும் அதைத் தொடர்ந்து பிடிஎஃப் என்ற எழுத்துகளும் இருக்கும். ஜிப் என்றால் 'பி', 'கே'. வேர்டின் டொக்எக்ஸ், எக்செலின் எக்ஸ்எல்எஸ்எக்ஸ், ஆண்ட்ராய்டு செயலிகளின் பைலான ஏபிகே எல்லாமே உள்ளுக்குள் ஜிப்தான். அவையும் 'பி', 'கே' என்றே தொடங்கும். பெயரில் கணிதம் பிடிஎஃப் என்று இருந்து, முதல் இரண்டு எழுத்து 'எம்', 'இசட்' என்று இருந்தால் கார்டுக்கு அங்கேயே சந்தேகம் வந்துவிடும்.

அடுத்தது ஹேஷ். பைல் முழுவதையும் ஒரு கணக்கில் போட்டு ஒரு கைரேகையை எடுப்பது. ஷா-256 என்ற கணக்கில் எடுத்தால் 3 எம்பி பைலாக இருந்தாலும் 3 ஜிபி பைலாக இருந்தாலும் விடை 64 எழுத்துதான். அந்தக் கைரேகை கெட்டவர் பட்டியலில் இருந்தால் வேலை முடிந்தது. இது மிக வேகமான சோதனை, அதே நேரம் மிக இலகுவாக ஏமாற்றக்கூடியதும் இதுதான். பைலில் ஒரேயொரு பைட்டை மாற்றினால் கைரேகை முழுவதும் மாறிவிடும்.

அதனால்தான் சிக்னேச்சர் என்று சொல்லப்படும் பைட் வரிசைகள் தேவைப்படுகின்றன. ஒரு வைரஸ் குடும்பத்தின் எல்லா வடிவங்களிலும் மாறாமல் இருக்கும் துண்டுகளைத் தேர்ந்து, 'இந்தத் துண்டும் இருந்து, அந்தத் துண்டும் இருந்து, இன்ன அளவுக்குள் இருந்தால்' என்பது போன்ற விதிகளாக எழுதி வைக்கிறார்கள். தினமும் சில தடவை இறங்கும் 'டெஃபினிஷன் அப்டேட்' என்பது பெரும்பாலும் இந்த விதிகளின் தொகுப்புதான். அப்டேட் ஒரு மாதம் பழையது என்றால், அந்த ஒரு மாதத்தில் எழுதிய விதிகள் எதுவும் உங்கள் கொம்பியூட்டருக்குத் தெரியாது.

ஜிப் பைலுக்கு வருவோம். தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் சாக்கை அவிழ்த்துக் கிளறிப் பார்த்தால்தான் முத்தல் இலை எவ்வளவு கலந்திருக்கிறது என்று தெரியும், வெளியிலிருந்து தடவிப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. ஜிப்பும் அப்படித்தான். கார்ட் அதை நினைவகத்தில் விரித்து உள்ளே இருக்கும் ஒவ்வொரு பைலையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஆனால் எவ்வளவு தூரம் விரிப்பது? 42 ஜிப் என்று பெயர்பெற்ற ஒரு பைல் இருக்கிறது. அதன் அளவு சுமார் 42 கிலோபைட். ஜிப்புக்குள் ஜிப்பாக முழுதும் விரித்தால் சுமார் 4.5 பெட்டாபைட், அதாவது 45 லட்சம் ஜிபி. அப்படி ஒன்றில் மாட்டி கொம்பியூட்டர் மூச்சுத் திணறக்கூடாது என்பதற்காக எல்லாக் கார்ட்களும் இத்தனை அடுக்கு, இவ்வளவு அளவு என்று ஓர் எல்லை வைத்திருக்கின்றன. அந்த எல்லையைத் தாண்டினால் பார்க்காமலே விட்டுவிடும்.

கடவுச்சொல் போட்ட ஜிப் என்றால் கதையே வேறு. வாய் தைத்த சாக்கு அது. கார்டால் உள்ளே போகவே முடியாது. சாதாரண ஜிப்பில் உள்ளே இருக்கும் பைல்களின் பெயரும் அளவும் வெளியில் தெரியும், அதற்குமேல் ஒன்றும் தெரியாது. 'கடவுச்சொல் 1234' என்று ஜிப்போடு சேர்த்தே எழுதி அனுப்புகிறவர்களை யோசித்துப் பாருங்கள். எல்லோருக்கும் சொல்லிவிடும் கடவுச்சொல் யாரிடமிருந்து எதை மறைக்கிறது? அநேகமாக வைரஸ் கார்டிடமிருந்துதான். அப்படியான ஜிப்பைப் பிரிக்க வேண்டியே வந்தால், ஒரு புது போல்டருக்குள் பிரித்து, எதையும் திறப்பதற்கு முன் அந்தப் போல்டரை ரைட் கிளிக் செய்து 'ஸ்கேன் வித் மைக்ரோசொஃப்ட் டிஃபென்டர்' கொடுங்கள். பிரித்த பிறகு பைல்கள் வாய் திறந்த நிலையில் இருப்பதால் கார்டால் பார்க்க முடியும்.

பெக்கர் என்ற உறைகள் இன்னொரு தடை. மென்பொருளையே சுருக்கி, ஓடும்போது மட்டும் விரியும்படி சுற்றிக் கட்டுவது. யுபிஎக்ஸ் போன்ற அறிமுகமான உறையைக் கார்டால் நேராக அவிழ்க்க முடியும். அறிமுகமில்லாத உறையென்றால் எமுலேஷன்: ஒரு பொய்யான கொம்பியூட்டரைத் தன் நினைவகத்திலேயே உண்டாக்கி, அதற்குள் அந்த மென்பொருளைச் சிறிது நேரம் ஓடவிட்டு, உறை கழன்று உள்ளே என்ன வெளிவருகிறது என்று பார்ப்பது. இந்தச் சிறிது நேரம் என்பதுதான் அதன் பலவீனம். நீங்கள் பைலைத் திறக்கச் சொல்லிக் காத்திருக்கிறீர்கள், கார்டால் நிமிடக் கணக்கில் ஓட்டிப் பார்க்க முடியாது. வைரஸ் எழுதுகிறவர்களுக்கும் அது தெரியும். தொடக்கத்தில் வீண் கணக்குகளைச் செய்யவிட்டு, கார்ட் அலுத்து விலகிய பிறகு வேலையைக் காட்டும்படி எழுதுகிறார்கள். அதனால் பைல் ஓடத் தொடங்கிய பின்னும் கார்ட் அதன் நடத்தையைக் கவனித்துக்கொண்டே இருக்கிறது. ஒரு பைலைத் திறந்த சில நொடிகளில் நூற்றுக்கணக்கான ஆவணங்களை ஒரு மென்பொருள் மாற்றி எழுதத் தொடங்கினால், அதை நிறுத்துவது இந்தக் கண்காணிப்புத்தான்.

இவ்வளவுக்கும் பிடிபடாத புதிய பைலுக்கு இருக்கும் கடைசிப் படி கிளவுட். டிஃபென்டர் பைலின் விபரங்களை அனுப்பி, பதில் வரும் வரை இயல்பாக 10 நொடி வரை அதைப் பிடித்து வைக்கும். நிர்வாகிகள் அந்த நேரத்தை 60 நொடி வரை நீட்டலாம். மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்தில் ஒரு மலை குறுக்கே நின்றாலே சிக்னல் ஒரு கோடாகிவிடும். மழையும் மின்வெட்டும் சேர்ந்த நாளில் அதுவும் இருக்காது. இன்டர்நெட் இல்லாத கொம்பியூட்டரில் இந்தப் படியே கிடையாது, உள்ளூரில் சேமித்த பட்டியலோடு மட்டும்தான் தீர்ப்பு. பென் டிரைவில் வந்த பைலில் சீட்டு உதிர்ந்திருந்தாலும், கார்டுக்குச் சந்தேகம் வந்தால் கிளவுட்டிடம் கேட்க வழி இருக்க வேண்டும்; அதனால் அதைத் திறக்க வேண்டியிருந்தால், போன் டேட்டாவை ஹொட்ஸ்பொட்டில் கொடுத்துவிட்டுத் திறப்பது நல்லது. இந்தக் கேள்வி பதிலுக்குப் போகும் டேட்டா மிகக் குறைவு.

'நோ கரண்ட் த்ரெட்ஸ்' என்று பச்சை டிக் வந்தால், மேலே சொன்ன படிகளில் இந்தக் கார்டுக்கு எட்டியவற்றில், இன்றைய பட்டியலின்படி ஒன்றும் மாட்டவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். பைல் நல்லது என்று அது சாட்சி சொல்லவில்லை.

பென் டிரைவில் போல்டர் எல்லாம் ஷோர்ட்கட் ஆனால்

மலையகத்தில் இன்னும் சாகாத ஒரு பழைய நோய் இது. பென் டிரைவைச் சொருகுகிறீர்கள். உங்கள் போல்டர்கள் அதே பெயரில் இருக்கின்றன, ஆனால் ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு சிறிய அம்புக்குறி. டைப் என்ற நிரலில் 'ஷோர்ட்கட்' என்று இருக்கும், அளவு ஒன்றிரண்டு கிலோபைட் மட்டும். உண்மையான போல்டர்களுக்கு மறைவு, சிஸ்டம் என்ற இரண்டு முத்திரைகளையும் போட்டு ஒளித்து வைத்துவிட்டு, அதே பெயரில் ஷோர்ட்கட்களை வைரஸ் வைத்திருக்கிறது. சில வகைகள் எல்லாவற்றையும் பெயரே இல்லாத ஒரு போல்டருக்குள் தள்ளிவிடும். ஷோர்ட்கட்டைத் தட்டினால் முதலில் ஒளிந்திருக்கும் ஸ்கிரிப்ட் என்ற கட்டளைப் பைல் ஓடும், பிறகு உண்மையான போல்டரும் திறக்கும். எல்லாம் வழமைபோலத் திறப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. அதற்குள் கொம்பியூட்டருக்குத் தொற்றி, அடுத்துச் சொருகப்படும் பென் டிரைவுக்காகக் காத்திருக்கத் தொடங்கிவிடும்.

ஒரு ஷோர்ட்கட்டைத் திறக்காமல் ரைட் கிளிக் செய்து ப்ரொபர்டீஸில் 'டார்கெட்' கட்டத்தைப் பாருங்கள். நல்ல ஷோர்ட்கட்டில் ஒரு மென்பொருளின் அல்லது போல்டரின் பாதை மட்டும் இருக்கும். கெட்டதில் சிஎம்டி, டபிள்யுஸ்கிரிப்ட், பவர்ஷெல் என்ற கட்டளை ஓட்டும் மென்பொருள்களில் ஒன்றின் பெயரும் அதன்பின் நீண்ட வாலும் இருக்கும். அந்தக் கட்டம் 260 எழுத்துக்கு மேல் காட்டாது. முன்னால் வெற்றிடங்களாக நிரப்பிக் கட்டளையைப் பின்னால் ஒளிப்பவர்களும் உண்டு; கட்டம் வெறுமையாகத் தெரிந்தாலும் நம்ப வேண்டாம்.

சரிசெய்யும் முறை இது. முதலில் கொம்பியூட்டரைச் சுத்தப்படுத்துங்கள். இல்லாவிட்டால் பென் டிரைவைத் துடைக்கத் துடைக்க மறுபடி தொற்றும். டிஃபென்டரின் முழு ஸ்கேனில் பென் டிரைவ்கள் இயல்பாகச் சேர்வதில்லை, அதனால் பென் டிரைவின் எழுத்தை ரைட் கிளிக் செய்து தனியாக ஸ்கேன் கொடுக்க வேண்டும். பின் 7-ஜிப் ஃபைல் மெனேஜரைத் திறந்து பென் டிரைவுக்குள் போங்கள். மறைத்த போல்டர்களும் அங்கே தெரியும். போல்டரை அப்படியே தூக்காமல், அதற்குள் இருக்கும் படம், பிடிஎஃப், வேர்ட் பைல்களை மட்டும் கொம்பியூட்டரில் ஒரு புதுப் போல்டருக்குக் கொப்பி பண்ணுங்கள். போல்டரோடு தூக்கினால் மறைவு முத்திரையும் கூடவே வரும். எல்லாம் வந்துவிட்டதா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்த பிறகு பென் டிரைவை ஃபோர்மட் செய்யுங்கள். அவசரத்தில் முதலிலேயே ஃபோர்மட் கொடுத்து, மூன்று வருடத்துப் பிள்ளைகளின் படங்களை இழந்துவிடாதீர்கள். அவை அழியவில்லை, ஒளிந்துதான் இருந்தன.

பெயரில் நடக்கும் ஏமாற்று

2000ஆம் ஆண்டு மே மாதம் உலகெங்கும் பரவிய ஐ லவ் யூ வைரஸ், காதல் கடிதம் டிஎக்ஸ்டி என்று தெரியும் பெயருக்குப் பின்னால் விபிஎஸ் என்ற உண்மை வாலை ஒளித்து வந்தது. கால் நூற்றாண்டு கடந்தும் விண்டோஸ் அறிமுகமான வால்களை இயல்பாக மறைத்தே காட்டுகிறது. 'கணிதம் 2023 பிடிஎஃப் இஎக்ஸ்இ' என்ற பைல் 'கணிதம் 2023 பிடிஎஃப்' என்று தெரியும். அதன் படத்தையும் பிடிஎஃப் போலவே வைத்துவிடுவார்கள். விண்டோஸ் 11இல் பைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ, ஷோ, 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதில் டிக் போடுங்கள். விண்டோஸ் 10இல் வியூ பட்டையிலேயே இருக்கிறது. இதைச் செய்தாலும் ஷோர்ட்கட்டின் வால் மட்டும் தெரியாது, அது எப்போதும் மறைந்தே இருக்கும். அதற்கு டைப் நிரல்தான் வழி.

பாமினி எழுத்துருவை நினைத்துக்கொள்ளுங்கள். தவணைப் பரீட்சைத் தாள் தட்டச்சு செய்கிற ஆசிரியர்கள் எல்லோருக்கும் அது வேண்டும். எழுத்துரு என்பது டிடிஎஃப் என்ற வால் கொண்ட ஒரு சிறிய பைல். ரைட் கிளிக், இன்ஸ்டோல், அவ்வளவுதான். அதற்குப் பதிலாக ஒரு செட்டப் இஎக்ஸ்இ இறங்கினால் அதை ஓடவிட வேண்டிய தேவையே இல்லை. அழித்துவிட்டு வேறிடத்தில் தேடுங்கள்.

காசு கட்டாமல் பாவிக்கப் பூட்டை உடைத்துத் தரும் கிரெக் மென்பொருளோடு வரும் குறிப்பில் 'முதலில் வைரஸ் கார்டை அணைக்கவும்' என்று தவறாமல் எழுதியிருக்கும். அல்லது அந்தப் போல்டரை 'எக்ஸ்க்ளூஷன்' பட்டியலில் போடச் சொல்லும். அந்தப் பட்டியலில் இருக்கும் இடத்தைக் கார்ட் அதன்பின் பார்க்காது. கடைக் கொம்பியூட்டரில் அந்தப் பட்டியலை ஒருமுறை திறந்து பாருங்கள்: விண்டோஸ் செக்யூரிட்டி, வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்ஷன், மெனேஜ் செட்டிங்ஸ், கடைசியில் எக்ஸ்க்ளூஷன்ஸ். சி டிரைவ் முழுவதையுமே அதில் போட்டு வைத்த கொம்பியூட்டர்கள் இருக்கின்றன. கார்ட் பச்சையாகவே தெரியும், ஆனால் அதற்குக் கண் கட்டியாயிற்று.

ஜிப், ரார் பைல்களைத் திறக்கும் மென்பொருளும் பழையதாக இருக்கக்கூடாது. வின்ரார் 6.23க்கு முந்திய பதிப்புகளில், ஜிப்புக்குள் ஒரு பிடிஎஃப்பைத் தட்டினால் அதன் கூடவே ஒரு ஸ்கிரிப்ட் ஓடும்படி செய்யக்கூடிய ஓட்டை இருந்தது. 2023 ஓகஸ்டில்தான் அடைத்தார்கள். வின்ரார் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. நாமாக இறக்கிப் போட வேண்டும்.

போனில்

போனுக்கு எழுத அதிகமில்லை, ஆபத்து குறைவு என்பதால் அல்ல. ஏபிகே என்ற வாலோடு வட்ஸ்அப்பில் எது வந்தாலும் தொடாதீர்கள், அது திருமண அழைப்பிதழ் என்று பெயர் போட்டிருந்தாலும், வங்கிச் செயலி என்றாலும். அழைப்பிதழ் படமாகவோ பிடிஎஃப்பாகவோ வரும், செயலியாக வராது. ஆண்ட்ராய்டில் ஒரு செயலி இன்னொரு செயலியின் உள்விபரத்தைப் பார்க்க முடியாத அமைப்பு இருப்பதால், தனி வைரஸ் கார்ட் செயலிகளால் செய்யக்கூடியதும் குறைவுதான். ப்ளே ஸ்டோருக்குள் உங்கள் படத்தைத் தட்டி, கூகுளின் சொந்தக் காவலான ப்ளே ப்ரொடெக்ட் ஓடுகிறதா என்று பாருங்கள். ஏதாவது ஒரு செயலி 'அக்செஸிபிலிட்டி' அனுமதி கேட்டால் நிறுத்தி யோசியுங்கள். அந்த அனுமதி கிடைத்தால் அது திரையைப் படிக்கும், உங்களுக்குப் பதிலாகப் பொத்தானை அழுத்தும், ஓடிபியையும் பார்க்கும். ஆண்ட்ராய்டு 13 முதல் வெளியிலிருந்து போட்ட செயலிகளுக்கு இந்த அனுமதி எளிதில் கிடைக்காதபடி செய்திருக்கிறார்கள். செட்டிங்ஸுக்குள் போய் அந்தத் தடையை எடுக்கும்படி யாராவது போனில் வழிகாட்டினால், அந்த அழைப்பைத் துண்டியுங்கள்.

செய்து வைக்க வேண்டியவை

காவலில் இருப்பது யார் என்று முதலில் பாருங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்தால் எந்தக் கார்ட் வேலை செய்கிறது என்று தெரியும். இரண்டு வெளிக் கார்ட்களை ஒன்றாகப் போடாதீர்கள். இரண்டும் ஒரே பைலைப் பிடித்து இழுத்து, கொம்பியூட்டர் உறைந்துபோகும். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோடு ஆதரவு முடிந்தது, அதில் குரோம் 109ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. அப்படியான கொம்பியூட்டரை பிரின்ட் எடுக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், இன்டர்நெட்டோடு இணைக்க வேண்டாம். விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தாலும், டிஃபென்டரின் வைரஸ் பட்டியல் 2028 ஒக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசொஃப்ட் அறிவித்திருக்கிறது. ஓட்டைகளை அடைக்கும் அப்டேட் வேறு, பட்டியல் வேறு என்பதை மறக்க வேண்டாம்.

டேட்டா இல்லாத வீட்டு லெப்டொப்புக்கு ஒரு வழி இருக்கிறது. மைக்ரோசொஃப்டின் தளத்தில் டிஃபென்டரின் முழுப் பட்டியலையும் ஒரே பைலாக இறக்கலாம். 100 எம்பிக்கு மேல் இருக்கும். 32 பிட், 64 பிட் என்று தனித்தனியாக இருப்பதால் சரியானதை எடுக்க வேண்டும். நல்ல சிக்னல் இருக்கும் இடத்தில் இறக்கிப் பென் டிரைவில் கொண்டுபோய் இரட்டைக் கிளிக் செய்தால் போதும். எந்தச் சாளரமும் திறக்காது, சில நிமிடத்தில் தானாக உள்ளே போய்விடும். போனதா என்பதை 'ப்ரொடெக்ஷன் அப்டேட்ஸ்' பக்கத்தில் இருக்கும் திகதியில் பாருங்கள்.

கார்ட் விழித்திருக்கிறதா என்று சோதிக்க ஐகார் என்ற சோதனைப் பைல் உண்டு. வெறும் 68 எழுத்துதான், எந்தத் தீங்கும் செய்யாது, எல்லா வைரஸ் கார்ட்களும் அதைக் கண்டால் கத்த வேண்டும் என்று பேசி வைத்த ஒன்று. ஐகார் அமைப்பின் தளத்தில் தனியாகவும், ஜிப்புக்குள்ளும், ஜிப்புக்குள் ஜிப்பாகவும் கிடைக்கிறது. மூன்றையும் இறக்கிப் பார்த்தால் உங்கள் கார்ட் எத்தனை அடுக்கு வரை கிளறுகிறது என்பது தெரிந்துவிடும்.

ஒரு பைலில் சந்தேகம் தீரவில்லையா? வைரஸ்டோட்டல் என்ற தளம் எழுபதுக்கு மேற்பட்ட கார்ட்களிடம் ஒரே நேரத்தில் கேட்டுச் சொல்லும். பைலையே ஏற்றத் தேவையில்லை; டேட்டா மிச்சம். 7-ஜிப் போட்டிருந்தால் பைலை ரைட் கிளிக் செய்து 'சிஆர்சி எஸ்எச்ஏ' பட்டியலில் ஷா-256ஐத் தேர்ந்து, வரும் 64 எழுத்தைக் கொப்பி செய்து அந்தத் தளத்தின் தேடல் கட்டத்தில் ஒட்டுங்கள். உலகம் முழுக்கப் பாவிக்கும் ஒரு மென்பொருள் என்று சொல்லி வந்த பைலின் கைரேகை அங்கே பதிவாகவே இல்லையென்றால், அதுவே ஒரு கெட்ட அறிகுறி. பைலையே ஏற்ற வேண்டி வந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: அங்கே ஏற்றுகிற பைலைக் கட்டணம் செலுத்தும் ஆய்வாளர்கள் இறக்கிப் பார்க்கலாம். அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், பிறப்புச் சான்றிதழ் ஸ்கேன்களை ஒருபோதும் ஏற்றாதீர்கள். கொமினிகேஷன் கடைக்காரர்கள் இதை இரட்டிப்பாகக் கவனிக்க வேண்டும், உங்கள் கொம்பியூட்டரில் கிடப்பவை பெரும்பாலும் அடுத்தவர்களின் ஆவணங்கள்.

கார்ட் கத்தினால் ப்ரொடெக்ஷன் ஹிஸ்டரியில் அந்தப் பெயரை வாசியுங்கள். கடைசியில் ஓர் ஆச்சரியக்குறியும் 'எம்எல்' என்ற இரண்டு எழுத்தும் இருந்தால், அது இயந்திரக் கற்றல் போட்ட ஊகம். தவறாக இருக்க வாய்ப்புண்டு. குடும்பப் பெயர் தெளிவாக இருந்தால் தவறாகும் வாய்ப்பு குறைவு. கார்ட்களும் தவறு செய்யும்: 2010 ஏப்ரலில் ஒரு பெரிய நிறுவனத்தின் அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் முக்கியமான சிஸ்டம் பைல் ஒன்றையே வைரஸ் என்று பிடித்து, உலகெங்கும் ஏராளமான கொம்பியூட்டர்களை முடக்கிப்போட்டது. அதனால்தான் பிடித்த பைலை உடனே அழிக்காமல் 'குவாரண்டைன்' என்ற அறையில் பூட்டி வைக்கிறார்கள். அங்கே இருக்கும்வரை அது ஓடாது. சந்தேகமாக இருந்தால் இரண்டு நாள் அப்படியே விட்டு, அப்டேட் வந்த பிறகு மறுபடி கேட்டுப் பாருங்கள்.

ஒரு வைரஸ் ஓடிவிட்டது என்று உறுதியானால் விண்டோஸுக்குள் இருந்துகொண்டே தேடுவதில் பயன் குறைவு. அது கார்டின் கண்ணிலிருந்து தன்னை மறைத்துக்கொள்ளலாம். 'ஸ்கேன் ஒப்ஷன்ஸ்' பக்கத்தில் 'மைக்ரோசொஃப்ட் டிஃபென்டர் ஒஃப்லைன் ஸ்கேன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கொம்பியூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழும்புவதற்கு முன்பே ஸ்கேன் தொடங்கும். சுமார் 15 நிமிடம் எடுக்கும். திறந்திருக்கும் வேலைகளை முதலில் சேமித்துக்கொள்ளுங்கள். நுவரெலியாப் பக்கம் பின்னேரமானால் இடி இடித்துக் கரண்ட் போகும் காலமென்றால் காலையிலேயே செய்யுங்கள், லெப்டொப் என்றால் பெட்டரி நிறைந்த பிறகு. முடிந்து விண்டோஸ் திரும்ப வந்ததும் முடிவு ப்ரொடெக்ஷன் ஹிஸ்டரியில் இருக்கும். அதன்பின் மின்னஞ்சல், வங்கி, முகநூல் கடவுச்சொற்களை மாற்றுங்கள், அதே கொம்பியூட்டரில் இருந்து அல்ல, வேறொரு கருவியிலிருந்து.